பெர்மிட் தண்ணீரைத் தொடாதா?

அமெரிக்காவின் கொலராடோவில் நீருரிமையை மாநில நீர் நீதிமன்றம்தான் உறுதிசெய்கிறது, ஆகவே மத்திய வனத்துறை தன் நிலத்தைப் பயன்படுத்தத் தரும் பெர்மிட் அதைத் தொடாது என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. தண்ணீர் உங்களுடையது, அது வரும் வாய்க்கால் வனத்துறை நிலத்தில் அல்லவா போகிறது!

பனிச்சறுக்குத் தளங்களின் நீருரிமையை மத்திய அரசின் பெயருக்குக் கொண்டுபோகப் பார்த்த பெர்மிட் நிபந்தனையை 2012 டிசம்பரில் மத்திய நீதிமன்றம் ரத்து செய்தது. காரணம், பொதுமக்கள் கருத்தைக் கேட்காத நடைமுறைப் பிழை. 2015 இறுதியில் வந்த மாற்று நிபந்தனை உரிமை மாற்றத்தைக் கைவிட்டு, தளத்தை நடத்தப் போதுமான தண்ணீர் இருந்தால் சரி என்றது.

உண்மையான தலைவலி, 'ஓடையில் இவ்வளவு விட்டுவிட்டு எடு' என்ற நிபந்தனை. நீர் நீதிமன்றத் தீர்ப்பில் உங்களுக்கு விநாடிக்கு 5 கன அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்தில் ஓடையில் வருவது 6. பெர்மிட் 3 கன அடியை விடச் சொன்னால் கையில் மிஞ்சுவது 3தான். தீர்ப்பில் ஒரு எழுத்தும் மாறாது. இந்த அதிகாரம் வனத்துறைக்கு உண்டென்று 2004இல் கொலராடோவின் மத்திய மாவட்ட நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பாசன வாய்க்கால் 1976 அக்டோபர் 21க்கு முந்தையதா? 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, வனத்துறை நிலத்தின் வழியே வாய்க்காலைக் கொண்டுபோகும் நிரந்தர வழியுரிமைக்கு 1996க்குள் விண்ணப்பித்திருக்கிறார்களா என்று பழைய கோப்பில் தேடுங்கள். ஆனால் பிற்பாடு அகலப்படுத்திய பகுதிக்கு அது உதவாது.