டில்லியிடம் கேட்கவும் எங்களுக்கு வாய் வேண்டும்

இந்தியாவில் யாரையோ விசாரணையில்லாமல் வருடக்கணக்கில் உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று கதை தொடங்கினால், கொழும்பில் எங்கள் ஆட்கள் மத்தியில் அது இரண்டு நிமிடம் தாண்டாது. "அது அவங்கட வீட்டுப் பிரச்சினை, நாளைக்கு எங்களுக்கு அவங்கட உதவி தேவை" என்று ஒரு பெரியவர் சொல்லுவார், பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும். மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு டில்லி வேண்டும், மாகாண சபைத் தேர்தலுக்கு டில்லியின் அழுத்தம் வேண்டும், ஆகவே டில்லி தன் சொந்த மக்களுக்குச் செய்வதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இந்தக் கணக்கு பிழை. நியாயப்படியும் பிழை, லாபப்படியும் பிழை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

2007 ஜூன் 7ஐ வெள்ளவத்தையில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விடியற்காலையில் லொட்ஜ் லொட்ஜாகக் கதவைத் தட்டி, கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை என்று சொல்லி, 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். வெளிநாட்டு வேலைக்குப் பேப்பர் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், விசாவுக்கு நின்றவர்கள். என் மாமா ஒருவர் அந்த பஸ்ஸில் போனவர். பொலிஸ் பதிவுத் துண்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார், மழையில் நனையக் கூடாது என்று. அன்றைக்கு அதை எடுத்து நீட்டினாராம், வாங்கிப் பார்த்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏறச் சொன்னாராம். அடையாள அட்டையில் இருந்த பிறந்த இடமும் வாயில் வந்த தமிழும் போதுமாக இருந்தது. மறுநாள் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவில் உயர் நீதிமன்றம் தடை போட்டது, பிறகு பிரதமரே வருத்தம் தெரிவித்தார். தடை வரும்போது பஸ்கள் போய்ச் சேர்ந்துவிட்டன.

இப்போது 2025 டில்லிக்கு வாருங்கள். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலிருந்து பிழைக்கப் போன ஒரு குடும்பம். வங்காளம் பேசும் முஸ்லிம்கள். ஜூன் மாதம் பிடித்தார்கள், சில நாட்களிலேயே பங்களாதேஷ் எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டார்கள். அதில் ஒரு பெண் கர்ப்பிணி, கூடவே சின்ன மகன். அங்கே போனால் அந்த நாட்டுப் பொலிஸ், சட்டவிரோதமாக வந்தவர்கள் என்று சொல்லி மறியலில், அதாவது சிறையில், போட்டது. செப்டம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் நாலு வாரத்துக்குள் திருப்பிக் கொண்டு வரச் சொல்லியும் மத்திய அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. டிசம்பரில்தான் அவளும் மகனும் வந்து சேர்ந்தார்கள், அதுவும் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்த நேரத்தில். நிறைமாதத்துக்குக் கிட்ட நெருங்கிய பெண் அந்நிய நாட்டு மறியலில் எத்தனை இரவு படுத்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். பேசுகிற மொழியை வைத்து "நீ இந்த ஊர் ஆள் இல்லை" என்று தீர்மானிப்பது என்ன என்று உலகத்தில் யாருக்காவது விளக்கம் தேவைப்படாது என்றால் அது எங்களுக்குத்தான். அதைப் பற்றி இங்கே எந்தத் தமிழ்க் கட்சியாவது ஒரு அறிக்கை விட்டதாக என் கண்ணில் படவில்லை.

அப்புறம் சட்டங்கள். எங்களுடைய பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979ல் தற்காலிகம் என்று வந்து, 1982ல் நிரந்தரமாகி, இன்றுவரை எத்தனை இளைஞர்களின் வயதைத் தின்றது என்பது எங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். இந்தியாவில் அந்த வேலையைச் செய்வது உபா, அதாவது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். 1967ல் வந்தது, 2008ல் அதில் சேர்த்த ஒரு பிரிவுதான் ஆளைக் கொல்கிறது: பொலிஸ் கொடுத்த காகிதங்களை வாசிக்கும்போது குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே நீதிபதி பிணை கொடுக்க முடியாது. குற்றப்பத்திரிகை போடவே 180 நாள் வரை அவகாசம். 2019ல் இன்னொரு திருத்தம், அமைப்பு எதுவும் தேவையில்லை, தனி ஆளையே பயங்கரவாதி என்று அரசு பட்டியலில் போடலாம்.

இதை ஏட்டில் வாசிப்பது வேறு. ஸ்டேன் சுவாமி திருச்சி மாவட்டத்தில் பிறந்த தமிழர், இயேசு சபைப் பாதிரியார், ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்தவர். 2020 அக்டோபரில் ராஞ்சியில் கைது செய்தபோது வயது 83. பார்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்கும் குவளையும் ஸ்ட்ராவும் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பதில் சொல்ல விசாரணை அமைப்பு 20 நாள் கேட்டது. ஒரு கிழவர் தண்ணீர் குடிப்பதற்கு இருபது நாள்! 2021 ஜூலை 5ல், பிணை மனு நீதிமன்றத்தில் இருக்கும்போதே, விசாரணைக் கைதியாகவே இறந்தார். டில்லியில் 2020 செப்டம்பரில் கைதான முன்னாள் மாணவர் தலைவர் உமர் காலித், ஐந்து வருடம் கடந்தும் வழக்கில் சாட்சி விசாரணை தொடங்காமலே சிறையில் கிடந்தார். ஹத்ராசுக்குச் செய்தி சேகரிக்கப் போன கேரளப் பத்திரிகையாளர் சித்திக் காப்பன் வெளியே வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது.

இதே 2020ல்தான் இங்கே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாவைப் பிடித்தார்கள். அடுத்த மாதம் மன்னார் இளைஞன் அஹ்னாப் ஜசீமை, தமிழில் எழுதிய ஒரு கவிதைப் புத்தகத்துக்காக. அந்தக் கவிதைகள் தீவிரவாதத்துக்கு எதிரானவை என்று வாசித்தவர்கள் எல்லாம் சொன்னார்கள், ஆனாலும் 2021 டிசம்பர் வரை உள்ளே, விடுதலையான தீர்ப்பு 2023 டிசம்பரில். அஹ்னாபுக்காக நாங்கள் எழுதினோம், கையெழுத்துப் போட்டோம், இந்தியாவிலிருந்து ஏன் யாரும் பேசவில்லை என்று கேட்டோம். சரி, ஸ்டேன் சுவாமிக்காக நாங்கள் எத்தனை பேர் பேசினோம்?

வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் நிலைமையும் எங்களுக்குப் புதிதில்லை. நிதாஷா கவுல் லண்டனில் பேராசிரியர், காஷ்மீர்ப் பின்னணி. அரசியலமைப்பு பற்றிய மாநாட்டுக்குக் கர்நாடக அரசே அழைத்து 2024 பிப்ரவரியில் பெங்களூரில் இறங்கினார், விமான நிலையத்திலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். 2025 மே மாதம் அவருடைய ஓசிஐ அட்டையையும், அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் வந்துபோகக் கொடுக்கும் அட்டையையும், ரத்துச் செய்தார்கள். பெற்ற தாயைப் பார்க்கப் போவதற்கு வாயை மூடுவது விலையாகிறது. 2014ல் இலங்கை அரசு 16 அமைப்புகளையும் 424 பேரையும் தடைப் பட்டியலில் போட்டபோது, டொரொண்டோவிலும் லண்டனிலும் இருந்த எங்கள் உறவுகள் செத்தவீட்டுக்குக்கூட வரப் பயந்தார்களே, அதே பயம்தான் இது. ஒரு பேராசிரியையிடம் இவ்வளவு கண்டிப்புக் காட்டிய அரசு, 2025 பிப்ரவரி 5ல் அமெரிக்க இராணுவ விமானம் 104 இந்தியர்களை அமிர்தசரஸில் இறக்கியபோது, கைவிலங்கோடும் கால்சங்கிலியோடும் வந்தோம் என்று அவர்களே சொன்னபோது, அது 2012லிருந்து அமெரிக்காவின் நடைமுறை என்று பாராளுமன்றத்தில் விளக்கம் கொடுத்தது. குவைத் மங்காப் கட்டடத் தீயில் 2024 ஜூனில் இறந்தவர்களில் குறைந்தது 45 பேர் இந்தியர்கள், ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர். வளைகுடாவில் எங்கள் ஆட்களும் இதே மாதிரி அடைந்த அறைகளில்தான் படுக்கிறார்கள், ஆகவே அதை நான் விரித்து எழுதத் தேவையில்லை.

நன்றி கெட்டவன் என்று சிலர் சொல்லுவீர்கள். 2022ல் மருந்தும் எரிபொருளும் இல்லாமல் நாடு படுத்தபோது கிட்டத்தட்ட 400 கோடி டொலர் அளவுக்கு இந்தியாதான் கை கொடுத்தது, அதை நான் மறுக்கவில்லை. 1983க்குப் பிறகு படகில் போய் இறங்கியவர்களுக்குத் தமிழ்நாடு கொடுத்த இடமும் பள்ளிக்கூடமும் மிகப் பெரியது. ஆனால் அந்த நன்றிக்காக வாயை மூடிக்கொண்டு இருந்ததில் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். 2019ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் இருக்கிறது, இலங்கை இல்லை. இந்துக்களைக் காப்பாற்றும் சட்டம் என்று சொன்னார்கள், மண்டபத்திலும் கொட்டப்பட்டிலும் நாற்பது வருடமாக முகாமில் கிடக்கும் இந்துக்கள் அதில் இல்லை. முஸ்லிம்களை விட்டுவிட்டு எழுதப்பட்ட சட்டத்தை அப்போது இங்கே பலர் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது எங்களையும் வெளியே விட்டிருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. அந்த முகாம்களில் ஒரு பகுதியினர் மலையக வழி வந்தவர்கள், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி. 1948ல் இலங்கை அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது, 1964ல் சிறிமாவும் சாஸ்திரியும் இருந்து 5,25,000 பேர் உங்களுக்கு, 3,00,000 பேர் எங்களுக்கு என்று பங்கு பிரித்தார்கள், அந்தப் பிரிவினையின் மிச்சம் இன்னும் முகாமில் காத்திருக்கிறது.

2025 மே மாதம் ஒரு ஈழத்தமிழர் தன்னைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். உபா வழக்கில் தண்டனை அனுபவித்து முடித்தவர், மனைவி பிள்ளைகள் இந்தியாவில் இருப்பவர்கள். உலகத்து அகதிகளை எல்லாம் வைத்துக்கொள்ள இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் இல்லை என்று நீதிபதி வாய்மொழியாகச் சொல்லி மனுவைத் தள்ளினார். அதே மாதம், முகாமிலிருந்து முறைப்படி ஊர் திரும்பிய ஒரு முதியவரைப் பலாலியில் வைத்துக் கைது செய்தார்கள், யுத்த காலத்தில் அனுமதியின்றி நாட்டை விட்டுப் போன குற்றத்துக்காக. செப்டம்பரில், 2015 ஜனவரி 9க்கு முன் போய்ப் பதிந்த எங்கள் அகதிகள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்று வழக்குப் போட மாட்டோம் என்று இந்திய அரசு விலக்கு அளித்தது. நல்லது, வரவேற்கிறேன். குடியுரிமை அதில் இல்லை.

2025 ஏப்ரலில் மோடி கொழும்புக்கு வந்தபோது தமிழ்த் தலைவர்களையும் மலையகத் தலைவர்களையும் சந்தித்தார். அடுத்த சந்திப்பும் வரும். அப்போது பதின்மூன்றைப் பற்றிப் பேசுங்கள், வீட்டுத் திட்டம் பற்றிப் பேசுங்கள், கூடவே இரண்டு விஷயத்தை எழுத்தில் கொடுங்கள். முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எப்போது குடியுரிமை. விசாரணையில்லாமல் மனிதரை அடைத்துவைக்கும் சட்டம் கொழும்பில் பிழை என்று ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், எங்களோடு சேர்ந்து சொல்ல வேண்டிய நாடு, அதே சட்டத்தைத் தன் வீட்டில் எப்போது கைவிடப் போகிறது.