சென்னைக்கு வந்தால் முதலில் எழும்பூருக்குப் போங்கள்

அரையாண்டு விடுமுறை நெருங்கினாலே ஊரிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். "சித்தப்பா, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ரெண்டு நாள் மெட்ராஸ் வர்றோம், எங்கெங்க போகலாம்?" மெரினா, தி.நகர், ஏதாவது ஒரு பெரிய மால், நேரமிருந்தால் வண்டலூர் என்று அவர்களே ஒரு பட்டியலும் வைத்திருப்பார்கள். அதில் எதையும் நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் முதல் நாள் காலையை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். "மியூசியமா? ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்களே" என்பார்கள். வரிசையில் நிற்கவைத்து, பேசாதே, தொடாதே என்று அதட்டி, அரை மணி நேரத்தில் வெளியே தள்ளிக்கொண்டு வருவதெல்லாம் பார்த்த கணக்கில் சேராது.

சென்னைக்கு வருபவர்கள் அங்கே பார்க்கப்போவது பெரும்பாலும் சென்னையை அல்ல, தங்கள் ஊரை. அதற்காகத்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் அதன் முதல் பொறுப்பாளர். பழைய சென்னைக்காரர்கள் 'செத்த காலேஜ்' என்பார்கள், பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் இருப்பதால். பிள்ளைகளுக்கு அந்தத் திமிங்கல எலும்புக்கூடு ஒன்றே போதும், அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார்கள். நிற்கட்டும். நீங்கள் வெண்கலச் சிலைகள் இருக்கும் படிமக் கூடத்துக்கு வாருங்கள்.

அங்கே திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். காரைக்கால் அம்மையார் தலையாலே நடந்துபோனதாகச் சொல்லும் அதே திருவாலங்காடுதான். இந்தச் சிலைக்குத் திருவாசி இல்லை, இரு பக்கமும் பறக்கும் விரிசடையும் இல்லை. நடராசர் என்றதும் நம் நினைவுக்கு வரும் அந்த நெருப்பு வட்டமே இல்லாமல் நிற்கிறார். அதனாலேயே உடம்பு மட்டும் கண்ணில் படுகிறது. தூக்கிய காலுக்கு ஈடுகொடுத்து இடுப்பு திரும்பியிருப்பதையும், அத்தனை வேகத்துக்கு நடுவில் முகம் அமைதியாக இருப்பதையும் பாருங்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோதின் இந்த அருங்காட்சியகத்து நடராசர் படிமங்களைப் புகைப்படத்தில்தான் பார்த்தார். அதிலேயே மயங்கி அவர் எழுதிய கட்டுரை, அவர் இறந்தபிறகு 1921இல் வெளியானது. நமக்கு நேரிலேயே இருக்கிறது, ஒரு ஆட்டோ தூரத்தில்.

அப்புறம் திருவெண்காட்டு அர்த்தநாரி. முதலில் கைகளை எண்ணிப் பாருங்கள். ஆண் பக்கம் இரண்டு, பெண் பக்கம் ஒன்று. ஆடை ஒரு பக்கம் தொடையோடு நிற்கிறது, மறுபக்கம் கணுக்கால் வரை இறங்குகிறது. ஒரு தோள் அகன்று நிமிர்ந்திருக்க, மறுபக்க இடுப்பு வளைந்து கொடுக்கிறது. இரண்டு உடம்பை ஒட்டிய இடம் எங்கே என்று எவ்வளவு நேரம் தேடினாலும் அகப்படாது. சோழ நாட்டுக் கொல்லன் மெழுகில் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி எடுத்த வேலை இது. அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதனால் இன்னொன்று அப்படியே வராது.

நாகப்பட்டினத்துக்காரர்கள் அங்கே இருக்கும் புத்தர் படிமங்களைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. 1856 முதல் 1930கள் வரை அந்த ஊர் மண்ணுக்குள்ளிருந்து சுமார் 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்திருக்கின்றன. ராஜராஜன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் பெயரில் பௌத்தத் துறவிகளின் மடமான விகாரம் எழுந்த ஊர் அது. அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே சோழன் கொடுத்தான். தலை உச்சியில் தீச்சுடர் வைத்த அந்தச் சின்னப் புத்தர்களைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போனால் நாகைக் கடற்கரை வேறு மாதிரி தெரியும்.

தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்து ஆட்கள் என்றால் ஆதிச்சநல்லூர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டியெடுத்த தங்க நெற்றிப்பட்டங்கள், இரும்பு ஆயுதங்கள், எருமையும் சேவலும் வைத்த வெண்கலப் பொருட்கள் எல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்தன. இவை தாமிரபரணிக் கரைக்கே திரும்ப வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது, நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் அதுவரை போய்ப் பார்க்காமல் இருப்பதில் என்ன லாபம்? நம் ஊர் மண்ணில் கிடைத்ததை நம் பிள்ளை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கட்டும்.

சென்னைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. விமான நிலையத்திலிருந்து வெளியே வந்தால் பல்லாவரம். அங்கே 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கைக்கோடரிதான் இந்தியாவின் பழைய கற்கால ஆய்வைத் தொடங்கிவைத்தது. அவர் சேகரித்த கற்கருவிகளும் இதே வளாகத்துக்குத்தான் வந்தன. ஆந்திர நண்பர்கள் வந்தால் அமராவதிச் சிற்பங்களுக்குக் கூட்டிப்போங்கள். நளகிரி யானை மதம் கொண்டு வீதியில் ஓடுவதையும், அதே யானை புத்தர் முன் மண்டியிடுவதையும் ஒரே வட்டத்துக்குள் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு முழுக் கதையும் அந்தக் கல்லில் நடந்து முடிந்துவிடுகிறது.

இரண்டாம் நாள் கையில் இருந்தால் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா, தென்னிந்திய வீடுகளின் திறந்தவெளி அருங்காட்சியகம். 1996இல் திறந்தது. இடிபடவிருந்த பழைய வீடுகளை ஓடு ஓடாக, தூண் தூணாகப் பிரித்து எடுத்துவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, பத்து நிமிடத்தில் கேரள வீட்டு முற்றத்தில் நிற்கலாம். வயதானவர்களைக் கட்டாயம் அழைத்துப்போங்கள். உரலையும் அடுப்படியையும் பார்த்ததும் அவர்களே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

மார்கழியில் வருபவர்களுக்குச் சபாக்கள் இருக்கின்றன. பெரிய பெயர்களுக்கு டிக்கெட் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். பகல் நேரத்தில் இளம் கலைஞர்கள் பாடும் கச்சேரிகள் பல இலவசம்தான். பாதி நாற்காலி காலியாக இருக்கும், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். கச்சேரி புரியுமா என்ற தயக்கம் வேண்டாம், போய் உட்காருங்கள்.

பொங்கல் சமயம் என்றால் எனக்கு இன்னும் பிடித்தது சென்னை சங்கமம் என்ற கலைவிழா. 2007இல் தொடங்கி, இடையில் நின்றுபோய், 2023இல் மீண்டும் வந்தது. பூங்காவிலும் மைதானத்திலும் பறையாட்டம், கரகம், ஒயிலாட்டம், தெருக்கூத்து. டிக்கெட் கிடையாது. பறை அடிப்பவரின் கைக்கு அருகில் நின்று கேட்டால் அந்த அதிர்வு நெஞ்சுக்குள் இறங்கும். இந்தக் கலைஞர்களுக்குத் தலைநகரில் ஆண்டுக்குச் சில நாட்கள் போதாது, மாதாமாதம் மேடை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, கிளம்புகிறவர்களுக்கு: அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தென் மாவட்ட ரயிலில் வருபவர்கள் எழும்பூரில்தான் இறங்கப்போகிறீர்கள். பையை அறையில் வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, பாந்தியன் சாலை என்று ஆட்டோக்காரரிடம் சொல்லுங்கள். படிமக் கூடத்தை முதலில் பாருங்கள், கால் வலிப்பதற்கு முன்னால்.