பச்சிளங்குழந்தையின் மூளை ஸ்கேனும் அதற்குப் பிறகான மாதங்களும்

குறைமாதத்தில் பிறந்த குழந்தையையும் பிறந்தவுடன் அழாத குழந்தையையும் பேரணாம்பட்டு, ஒடுகத்தூர், எல்லை தாண்டிச் சித்தூர் வரையிலிருந்து வேலூருக்குத்தான் தூக்கி வருகிறார்கள். அந்தக் குழந்தைகளில் பலருக்கு மூளை ஸ்கேன் எடுக்கப்படுகிறது. குடியாத்தத்தில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்யும் எனக்கு, அந்த ஸ்கேன் முடிவைக் குடும்பங்கள் இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது பெரும் கவலையாக இருக்கிறது.

ஸ்கேனின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உச்சிக்குழி வழியாக, குழந்தையை இடம் மாற்றாமலே எடுக்கும் அல்ட்ராசவுண்டில் ரத்தக்கசிவும் நீர்க்கட்டிகளும் தெரிந்துவிடும். பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தைக்கு முதல் வாரத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் தலாமஸ் போன்ற ஆழ்பகுதிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருப்பது தெரிந்தால், பின்னாளில் கைகால் இயக்கம் பாதிக்கப்படும் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் கற்றல் குறைபாடு, கவனக்குறைவு, ஆட்டிசம் ஆகியவற்றை ஒரு படத்தைப் பார்த்து இன்றைக்கு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. லேசான ரத்தக்கசிவு இருந்த குழந்தைகளில் பெரும்பாலோர் நன்றாகவே நடக்கிறார்கள்.

‘ஸ்கேன் நார்மல்’ என்ற ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு, அடுத்த பரிசோதனைக்கே வராமல், ஒன்றரை வயதில் குழந்தை நிற்கவில்லை என்று வருகிறவர்கள் உண்டு. ‘மூளையில் பாதிப்பு’ என்று கேட்ட வீட்டில் பயிற்சியே தொடங்காமல், பெற்றவளைக் குறைசொல்வதிலேயே மாதங்கள் கழிந்துவிடுகின்றன. மூளை வேகமாக வளரும் அந்த மாதங்களை இழந்துவிட்டுப் பிறகு எவ்வளவு உழைத்தாலும் முழுதாக ஈடுகட்ட முடிவதில்லை என்பதுதான் என் வேதனை.

மூளை பாதிப்பால் கைகால் இயக்கம் குறைபடும் மூளை முடக்குவாதத்தை (செரிப்ரல் பால்சி) குழந்தைக்கு ஐந்து மாதம் ஆவதற்கு முன்பே கண்டறிவது பற்றி 2017-இல் வெளியான சர்வதேச ஆய்வுத் தொகுப்பு, எம்.ஆர்.ஐ. 86 முதல் 89 சதவீதமும், குழந்தை தானாகக் கைகால் அசைப்பதைப் பயிற்சி பெற்றவர் உற்றுப் பார்த்து மதிப்பிடும் முறை 98 சதவீதமும், குழந்தையின் தசை இறுக்கம், அசைவு, அனிச்சைச் செயல் முதலியவற்றைச் சோதித்து மதிப்பெண் இடும் ஹாமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனை 90 சதவீதமும் பாதிப்புள்ள குழந்தைகளை அடையாளம் காட்டுவதாகக் கூறியது. பின்னவை இரண்டுக்கும் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. குறைமாதக் குழந்தைகள் எல்லோருக்கும் வழக்கமாக எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2015-இல் அறிவுறுத்தியது.

ஆகவே இன்னும் ஒரு ஸ்கேன் இயந்திரம் வாங்குவதற்கு முன்னால், மத்திய அரசு 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் (ஆர்.பி.எஸ்.கே.) கீழ் மாவட்டந்தோறும் அமைக்கப்பட்டுவரும், வளர்ச்சிக் குறைபாடுகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து உதவும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில், குழந்தையின் அசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை நியமிக்க வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டோடு, எந்த மாதத்தில் எதைக் கவனிக்க வேண்டும், மறுபடி எப்போது வர வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் தாய்க்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. அந்தக் கூலியையும் பஸ் செலவையும் அரசு அவருக்குத் தர வேண்டும்.