ஒப்புமை ஆதாரம் ஆகாது

ஞாயிற்றுக்கிழமை மீலாது நபி விழா மேடையில் நான் மைக்கைப் பிடுங்கியதாக ஒரு ஆடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. பிடுங்கவில்லை. கேட்டு வாங்கினேன். கொடுத்தவர் கமிட்டி ஆள்தான். முழு வீடியோவைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வெட்டி எடுத்த துண்டை மட்டும் பார்த்துவிட்டு எனக்கு ஈமான் பாடம் நடத்த வந்தவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் எனக்குப் பேச்சாளர் மேல் கோபமே இல்லை. திரையில், ஒளியைக்கூட வெளியே விடாத கருந்துளையின் அந்த ஆரஞ்சு வளையப் படம். அதன் மேல் தங்க எழுத்தில் குர்ஆனின் தக்வீர் சூரா வசனம். "2019ல வெள்ளைக்காரன் படம் எடுத்தத 1400 வருஷத்துக்கு முன்னாடியே நமக்குச் சொல்லியாச்சு" என்றார். 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் முழங்கியது. சூஃபிகள் சொன்ன ஃபனாதான் கருந்துளை, உள்ளே போனவன் தன்னை இழக்கிறான், அதைத்தான் ஐன்ஸ்டீன் கணக்காகப் போட்டார் என்றார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மேடைப் பேச்சு, போகட்டும் என்று இருந்தேன். எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, பிளஸ் ஒன் படிக்கிறாள், எழுந்து கேட்டாள்: "சார், கண்ணுக்கே தெரியாத ஒண்ணோட எடைய எப்படி சார் கண்டுபிடிச்சாங்க?"

"அல்லாஹ்வோட ரகசியத்த எடை போடப் பாக்காதம்மா, உக்காரு."

கூட்டம் சிரித்தது. அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்தாள். காது மடல் சிவந்துபோயிருந்தது. அப்போதுதான் நான் எழுந்தேன்.

ஒப்புமை வேறு, ஆதாரம் வேறு. மைக்கில் நான் சொன்னது இவ்வளவுதான். அடுத்த வாக்கியத்துக்கு விடவில்லை. அடுத்த வாக்கியத்தை இங்கே எழுதுகிறேன்.

அந்த ஆரஞ்சு நிறமே மனிதர்கள் பூசியது. எம்87 கேலக்ஸியின் நடுவில் இருக்கும் கருந்துளை அது. 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவு, 650 கோடி சூரியன்களின் நிறை. 2017 ஏப்ரலில் ஹவாய், அரிசோனா, மெக்சிகோ, சிலி, ஸ்பெயின், தென்துருவம் என்று எட்டுத் தொலைநோக்கிகளை ஒரே நேரத்தில் இயக்கி, 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலைகளைப் பிடித்தார்கள். தரவு இணையத்தில் அனுப்ப முடியாத அளவுக்கு இருந்ததால் ஹார்ட் டிஸ்க்குகளை விமானத்தில் ஏற்றினார்கள். தென்துருவத்துப் பெட்டிகள் அங்கே குளிர்காலம் முடியும்வரை கிடந்தன. அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். படத்தை உருவாக்க நான்கு குழுக்களாகப் பிரிந்து, ஒரு குழு இன்னொரு குழுவோடு பேசாமல் வேலை செய்தார்கள். ஏன்? எல்லோருடைய மனதிலும் ஒரு வளையம் இருந்தது. பார்க்க ஆசைப்பட்டதையே பார்த்துவிடக் கூடாது என்ற பயம். நான்கு குழுவுக்கும் தனித்தனியாக வளையம் வந்த பிறகுதான் நம்பினார்கள். 2019 ஏப்ரல் 10 அன்று உலகம் பார்த்தது. 200க்கும் மேற்பட்டவர்கள் தங்கள் ஆசையையே சந்தேகப்பட்டு எடுத்த படத்தின் மேல், ஆசைப்பட்ட வசனத்தை ஒட்டி ஐந்து நிமிடத்தில் "எங்களுக்கு அப்போதே தெரியும்" என்பது அந்த உழைப்புக்கும் மரியாதை இல்லை, அந்த வசனத்துக்கும் மரியாதை இல்லை.

அந்தப் பிள்ளை கேட்டது ரகசியமே கிடையாது. பிளஸ் ஒன் இயற்பியலில் ஈர்ப்பியல் பாடத்திலேயே இருக்கிறது. நம்முடைய பால்வீதியின் நடுவிலும் ஒரு கருந்துளை இருக்கிறது. அதை எஸ்2 என்ற நட்சத்திரம் 16 வருடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. அந்த நீள்வட்டத்தின் அரை நெட்டச்சு, அதாவது அதன் நீளத்தில் பாதி, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் ஏறக்குறைய 1,000 மடங்கு. கெப்ளரின் மூன்றாம் விதியைப் போடம்மா. ஆயிரத்தின் மும்மடியை 16இன் இருமடியால் வகு. கிட்டத்தட்ட 39 லட்சம் வரும். துல்லியமாக அளந்தவர்கள் சொல்வதும் சுமார் 40 லட்சம் சூரியன்கள்தான். அந்த நட்சத்திரங்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆண்ட்ரியா கெஸ்ஸுக்கும் ரைன்ஹார்ட் கென்ஸலுக்கும் 2020இல் நோபல் கொடுத்தார்கள், ரோஜர் பென்ரோஸோடு சேர்த்து. மேடையில் இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் இவ்வளவு ரகளை.

"நீங்களே சூஃபிப் பாட்டுப் பைத்தியம், இப்போது சூஃபிகளை மட்டம் தட்டுகிறீர்கள்" என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். அவர் மேல் மரியாதை உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் நன்னி தொண்டிப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வாக்கப்பட்டு வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. சூஃபிக் கவி குணங்குடி மஸ்தான் சாகிபு கண்ணிகள் அத்தனையும் மனப்பாடம். மஸ்தான் சாகிபு பிறந்த குணங்குடி தொண்டிக்குப் பக்கம் என்பதால் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார். அரிசி புடைக்கும்போதும் பாட்டு, பேத்திக்குப் பேன் பார்க்கும்போதும் பாட்டு. நான் கல்லூரியில் கருந்துளையைப் பற்றி முதன்முதலாகப் படித்துவிட்டு வந்த ராத்திரி, மொட்டை மாடியில் பாயை விரித்து அவருக்குச் சொன்னேன். ஒளி போனாலும் திரும்பாது நன்னி என்றேன். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "போனவுக ஒருத்தரும் சேதி அனுப்பலையா?" என்றார். அனுப்ப முடியாது என்றேன். "அப்ப நம்ம மஸ்தானப்பா சொன்ன கத மாதிரில்ல இருக்கு. கண்டவர் விண்டிலர்" என்றார். நான் சிலிர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அடுத்து நன்னி கேட்டார்: "சேதியே வரலைன்னா, அது அங்கன இருக்குன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

பள்ளிக்கூடமே போகாத என் நன்னி ஒப்புமையையும் ரசித்தார், அது ஆதாரம் இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மைக் பிடித்தவருக்குத் தெரியவில்லை. பிளஸ் ஒன் பிள்ளை கேட்டது என் நன்னி கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு மாடியில் யாரும் நன்னியைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஆகவே ஒப்புமையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாரசீகத்து சூஃபிக் கவிஞர் அத்தார் சொன்ன விட்டில்களை நினைத்துப் பாருங்கள். சுடரைப் பற்றிச் சேதி கொண்டுவரப் போன விட்டில்களில் சுடரோடு கலந்து எரிந்த விட்டிலுக்குத்தான் சேதி தெரியும். அதுவோ திரும்பாது. கருந்துளையைச் சுற்றி, தாண்டினால் திரும்ப முடியாத கோடான நிகழ்வெல்லையைப் பாடம் நடத்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த விட்டில் ஞாபகம் வரும். வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன். சொல்லிவிட்டு, கரும்பலகைக்குத் திரும்பி ஸ்வார்ஸ்சைல்ட் ஆரத்தை, அதாவது ஒன்றை எவ்வளவு சிறிதாக நசுக்கினால் கருந்துளை ஆகும் என்பதை, கணக்குப் போடுவேன். சூரியனுக்கு 3 கிலோமீட்டர், பூமிக்கு 9 மில்லிமீட்டர். விட்டில் அந்த 9 மில்லிமீட்டரைத் தராது. 9 மில்லிமீட்டர் அந்த விட்டிலைத் தராது. ஒப்புமை ஆதாரம் ஆகாது.

பேச்சாளர் சொன்ன ஒப்புமையையே கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஃபனா என்றால் நான் என்பது கரைந்துபோவது. சரி. ஆனால் பக்தாதின் சூஃபி ஞானி ஜுனைத் அதோடு நிறுத்தவில்லையே. ஃபனாவுக்குப் பின் பகா. கரைந்தவன் தெளிந்து, மனிதர்களிடம் திரும்பி வந்து, கடை கண்ணி பார்த்து, பிள்ளை குட்டியை வளர்த்து வாழ வேண்டும் என்பதுதான் ஜுனைதின் வழி. சூஃபி பாதையின் உயிரே அந்தத் திரும்பல். கருந்துளைக்குள் போனது திரும்பாது. "ஹாக்கிங் கதிர்வீச்சு இருக்கிறதே, அதுதான் பகா" என்று ஒரு தம்பி கமெண்ட் போட்டிருந்தார். 1974இல் ஹாக்கிங் சொன்னது கருந்துளையிலிருந்து கசியும் வெறும் வெப்பக் கதிர்வீச்சு, தம்பி. சூரியன் அளவு கருந்துளை அப்படிக் கரைந்து தீர 10இன் 67 அடுக்கு வருடம் ஆகும். உள்ளே விழுந்ததைப் பற்றிய தகவல் வெளியே வருமா என்று இன்றுவரை சண்டை ஓடுகிறது. இறைவனை நினைந்து திக்ரு செய்து, நோன்பிருந்து, கோபத்தை அடக்கி, ஒரு ஆயுள் முழுக்கப் பாடுபட்டு வரும் நிலையை, நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்து இடிந்து விழுவதோடு சமன் செய்தால் யாரை உயர்த்தினோம்? சூஃபியை மட்டம் தட்டியது நானா, மேடையா?

இன்னொன்று. பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கொள்கை படைப்புக்குச் சாட்சி என்கிற மாதிரிப் பேசினார். மகிழ்ந்திருக்க வேண்டியவர் லெமேத்ர். அவர் சங்கடப்பட்டார். தன் கொள்கை மத விவகாரத்துக்கு வெளியே நிற்பது என்பதுதான் அவர் நிலை. காரணம் எளிது. அப்போது நிலையான அண்டம் என்ற எதிர்க் கொள்கை பலமாக இருந்தது. 1965இல்தான் பெருவெடிப்பின் மிச்சமான பின்னணிக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்டு நிலைமை மாறியது. ஒருவேளை மறுபக்கம் ஜெயித்திருந்தால்? இறைவனையும் சேர்த்து வாபஸ் வாங்குவீர்களா? அசல் தங்கம் வைத்திருப்பவர் எதற்கு அடுத்தவனுடைய ஹால்மார்க் முத்திரைக்காக அலைய வேண்டும்? என் ஈமானுக்கு நாசா முத்திரை வேண்டாம். ஈமானில்லாதவள் என்று என்னைச் சொன்னவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

"இப்படிச் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு அறிவியலில் ஆர்வம் வரும்" என்பவர்களுக்கு: இதில் பாதி உண்மை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். 1979 நோபல் விருந்தில், பரிசு வாங்கிய பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் ஸலாம் குர்ஆனின் முல்க் சூராவைத்தான் ஓதினார். படைப்பில் குறை தெரிகிறதா, திரும்பப் பார், மறுபடியும் பார் என்கிற வசனம். அவர் அஹ்மதியா, நம்மில் பலர் முஸ்லிம் என்றே ஏற்காத பிரிவு, அவர் பேரை எடுக்காதே என்று வருவார்கள். வரட்டும். அந்த வசனம் படைப்பைப் பார்க்கும்படி அவரை அனுப்பியது, தன் சமன்பாட்டுக்குச் சாட்சியாக அவர் அதைக் கூப்பிடவில்லை. அதற்கும் ஆயிரம் வருடம் முன்னால் வானியலாளர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி இருந்தார், 964இல் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியைச் சின்ன மேகம் என்று குறித்துவைத்தவர். வெறுங்கண்ணால் அண்ணாந்து பார்த்து எழுதியவர். நம் பரம்பரை அது. "ஏற்கனவே சொல்லியாச்சு, உக்காரு" என்பது நம் பரம்பரை இல்லை.

"எல்லா மதத்திலும் இப்படிச் செய்கிறார்களே, அவர்களைக் கேட்டீர்களா?" அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக அவர்கள் கேட்கட்டும். இது என் வீடு.

பகுத்தறிவு நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த வீடியோவைச் சிரிப்புப் பொம்மை போட்டுப் பகிர்ந்தீர்கள். "பாய்மார் விண்வெளி மையம்" என்று தலைப்பு வேறு. அதில் கேள்வி கேட்ட பிள்ளையும் பாய் வீட்டுப் பிள்ளைதான், எழுந்து நின்ற நானும் பாய் வீட்டுப் பொம்பளைதான். நாங்கள் இரண்டு பேரும் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. மேடையும் எங்களைப் பார்த்துச் சிரித்தது, நீங்களும் சிரித்தீர்கள். இதில் உங்களுக்கும் மேடைக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் ஒருவராவது போன் போட்டு "டீச்சர், அன்னைக்கு என்னதான் நடந்துச்சு" என்று கேட்டிருக்கலாம்.

அப்புறம், "பொம்பளைக்கு மைக் எதுக்கு?" இதற்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஒளியியல் புரியவில்லை என்றால் யாருக்குப் போன் வருகிறது? பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் படம் வரைந்து அனுப்பும்போது நான் பொம்பளை இல்லையா? அப்போது "டீச்சர், துவா செய்யுங்க" என்று எழுதியவர்தான் இப்போது ஆடியோ போட்டிருக்கிறார். குரல் எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் எழுத மாட்டேன். மனசு வலிக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியாக, அந்தப் பிள்ளையின் அத்தாவுக்கு. நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன் பாய். கமிட்டி ஆட்களிடம் அவளைக் கூட்டிப் போய் நீங்கள் மன்னிப்புக் கேட்க வைக்கப் போவதாகச் சொன்னார்கள். தயவுசெய்து கூட்டிப் போகாதீர்கள். அவள் மரியாதையாக, எழுந்து நின்று, சார் போட்டுத்தான் கேட்டாள். யாராவது வீடு தேடி வந்தால் என் பெயரைச் சொல்லுங்கள், டீச்சர்தான் கிளப்பிவிட்டாங்க என்று சொன்னாலும் பரவாயில்லை, நான் பேசிக்கொள்கிறேன். பிளஸ் டூ முடித்ததும் காமர்ஸில் சேர்க்கலாமா என்று போன மாசம் கேட்டீர்களே, அவளிடம் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள். இயற்பியல் என்றால் விண்ணப்பம் போடுவதிலிருந்து நான் கூட வருகிறேன். மேலே இருக்கும் கணக்கை அவளிடம் காட்டுங்கள். 39 லட்சம் வருகிறதா என்று அவளே போட்டுப் பார்க்கட்டும், வரவில்லை என்றால் ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடச் சொல்லுங்கள். என் நம்பர் அவளிடம் இருக்கிறது.