அழகன்குளத்து மேடும் தனுஷ்கோடிச் சுவரும்

தனுஷ்கோடியைப் பற்றிய ஒரு கட்டுரை, அங்குள்ள இடிந்த தேவாலயத்தைக் காலத்தின் சாட்சியாகக் காட்டியிருந்தது; அது பொருத்தமே. ஆயினும் 1964 டிசம்பர் புயலில் ஒரே இரவில் சிதைந்த அவ்வூரைவிட, இதே கடற்கரையில் வைகை கடலோடு சேரும் இடத்தருகே உள்ள அழகன்குளம் மிகப் பழையது. அங்கு நடந்த அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும், மதுச்சாடித் துண்டுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடு ஒன்றும் கிடைத்தன. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் வணிகம் செழித்த அந்த இடத்தில் இன்று கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் மண்மேடுதான் (அதனால்தானோ என்னவோ, படம் எடுக்க யாரும் அங்கே போவதில்லை). மண் மூடியதால் அந்த ஓடுகள் பிழைத்தன. தேவாலயச் சுவரோ கடலில் விளைந்த பவளப்பாறைக் கற்களால் எழுப்பப்பட்டு, இப்போது அதே கடலின் உப்புக்காற்றில் கொஞ்சங்கொஞ்சமாக உதிர்கிறது. போதாக்குறைக்கு அதன்மேல் சிலர் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வதையும் சென்ற முறை கண்டேன்.