கல்யாணத்துக்கு முன்னால் மூன்று மாத ஊசி

கல்யாணத் தேதி குறித்ததும் "மூணு மாசம் ஊசி போட்டா பத்து கிலோ குறையுமாமே?" என்று கேட்பது மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் இப்போது சகஜமாகிவிட்டது. 2025 மார்ச்சில் டிர்ஸெபடைட் ஊசியும், ஜூனில் எடை குறைப்புக்கான செமாக்ளூடைட் ஊசியும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. இரண்டும் நல்ல மருந்துகள். உடல் பருமனோடு மல்லுக்கட்டுகிறவர்களை "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று ஏசியே பழகிய ஊர் இது. பசியை ஹார்மோன்கள்தான் ஆட்டிவைக்கின்றன என்று இந்த ஊசிகள் காட்டியதே எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. ஆனால் அந்த மூன்று மாதக் கணக்கு தப்பு.

செமாக்ளூடைட்டை வாரம் ஒருமுறை 0.25 மில்லிகிராமில் தொடங்குவார்கள். நான்கு வாரம் கழித்து 0.5, அடுத்து 1, பிறகு 1.7, கடைசியில் 2.4. முதல் மாத அளவு எடை குறைக்க அல்ல, வயிறு மருந்துக்குப் பழகுவதற்கு. மூன்றாவது மாதத்தில் நீங்கள் 1 மில்லிகிராமில்தான் நிற்பீர்கள். பெரிய ஆய்வில் கிடைத்த சராசரி 14.9 சதவீத எடைக்குறைவு 68 வாரத்தில் வந்தது. டிர்ஸெபடைட்டின் உச்ச அளவான 15 மில்லிகிராமில் 20.9 சதவீதம், அதுவும் 72 வாரத்தில். கல்யாண அவசரத்துக்காகப் படிகளைத் தாண்டி ஏற்றினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நீரிழப்பும்தான் மிச்சம். நீரிழப்பு முற்றினால் சிறுநீரகம் வரை பாதிக்கும்.

பசி எப்படி அடங்குகிறது? சாப்பிட்டதும் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது மூளைக்குப் "போதும்" என்று சொல்லும், இன்சுலினைத் தூண்டும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். இயற்கையாகச் சுரப்பது ஓரிரு நிமிடத்தில் பாதியாகிவிடும். செமாக்ளூடைட் பாதியாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். டிர்ஸெபடைட் இதோடு ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் செய்கிறது. சாப்பாட்டு நினைப்பே குறைந்துபோவது இப்படித்தான்.

"ஊசி மெட்டபாலிசத்தைக் கூட்டிக் கொழுப்பை எரிக்கும்" என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். எடை குறைவதற்கு முக்கியக் காரணம் சாப்பாடு குறைவதுதான். எடை இறங்க இறங்க உடல் எதிர்த்து நிற்கும். கொழுப்பிலிருந்து வரும், பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும், இரைப்பையிலிருந்து வரும், பசியைத் தூண்டும் கிரெலின் கூடும். சும்மா இருக்கும்போது செலவாகும் கலோரியும் குறையும், சில நேரம் குறைந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே. ஊசி இருக்கும்வரை இந்த எதிர்ப்பு அமுங்கிக் கிடக்கும். நிறுத்தினால் பழைய பசி முழுசாகத் திரும்பும், செலவாகும் கலோரி மட்டும் குறைவாகவே இருக்கும். செமாக்ளூடைட்டை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பியது. இதை அவர்களுடைய மனக்கட்டுப்பாட்டுக் குறைவு என்று சொல்வது அநியாயம். பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுவது மாதிரிதான் இதுவும்.

எனக்கு அதிகக் கவலை தசையைப் பற்றி. இழக்கும் எடையில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பு அல்லாத எடையாக இருக்கலாம், தசையும் அதில் அடக்கம். பிறகு ஊசியை நிறுத்தித் திரும்பி ஏறும் எடையில் பெரும்பகுதி கொழுப்பு. நம் ஊர்ச் சாப்பாடு இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் இழுக்கும். 100 கிராம் மரச்சீனியில் (மரவள்ளிக் கிழங்கில்) சுமார் 160 கலோரி, புரதமோ ஒன்றரை கிராம்கூடத் தேறாது. நாலு வாய்க்குமேல் இறங்காத வயிற்றில் முதல் மூன்று வாய் மரச்சீனியாகப் போனால் தசைக்கு எதுவும் மிஞ்சாது. ஆகவே கறியில் கிடக்கும் சாளை மீனை முதலில் தின்னுங்கள், கிழங்கும் சோறும் பிறகு. 100 கிராம் சாளையில் ஏறக்குறைய 20 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6 கிராம். நெத்தோலி, புட்டுக்குக் கடலை, பயறு, தயிர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வைத்துக்கொள்ளலாம். வாரம் இரண்டு நாளாவது எடை தூக்குகிற பயிற்சி வேண்டும், நடை மட்டும் தசையைக் காக்காது.

குமட்டலுக்குப் பெரும்பாலும் காரணம் பழைய அளவிலேயே சாப்பிடுவது. இரைப்பை மெதுவாகக் காலியாகும்போது பொரித்த மீனும் ஏத்தன்காய் சிப்ஸும் மணிக்கணக்கில் கிடக்கும். விருந்தில் பருப்பு, சாம்பார், புளிசேரி, ரசம், பாயசம் என்று வரிசையாக எல்லாம் இறங்கினால் அன்று ராத்திரி வாந்திதான். சிறிய அளவு, மெதுவாக, வயிறு நிறைவதற்குமுன் நிறுத்துங்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் காய்கறித் துவரனும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் விடாத வலி வந்தால் கணையத்தையும் பித்தப்பையையும் பார்க்க வேண்டும், காத்திருக்கக் கூடாது. மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தவர்கள் இந்த ஊசியைத் தொடவே கூடாது.

சர்க்கரைக்கு கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர்கள் கவனியுங்கள். ஊசி தொடங்கியதும் சாப்பாடு பாதியாகும், மாத்திரை பழைய அளவிலேயே நிற்கும். வெறும் சாயா குடித்துவிட்டு விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவருக்கு மரத்தடியிலேயே சர்க்கரை இறங்கிவிடலாம். மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

திறக்காத ஊசிப் பேனாவை 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், ஃபிரீசரை ஒட்டி வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்தால் உருகினாலும் அது குப்பைதான். இரண்டு வாரத்துக்குமேல் ஊசி தவறினால் பழைய அளவை அப்படியே போடாமல் டாக்டரைக் கேளுங்கள். அறுவைசிகிச்சை என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் ஊசி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், பட்டினி கிடந்தாலும் இரைப்பையில் உணவு தங்கியிருக்கக்கூடும்.

கல்யாணப் பெண்களுக்கு இன்னொன்று. கர்ப்பத்தில் இந்த ஊசிகள் கூடாது. செமாக்ளூடைட்டைக் கர்ப்பத்துக்குத் திட்டமிடும் முன் குறைந்தது இரண்டு மாதம் நிறுத்தியிருக்க வேண்டும். டிர்ஸெபடைட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும், அதனால் தொடங்கிய பிறகும் ஒவ்வொரு முறை அளவு கூட்டிய பிறகும் நான்கு வாரம் வேறு பாதுகாப்பு தேவை. எடை குறையும்போது நின்றிருந்த கருமுட்டை வெளிப்படுதல் திரும்பவும் தொடங்கலாம், பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்குக் குறிப்பாக. தேதி குறித்த பிறகு ஊசியைப் பற்றி யோசிக்கும் வீடுகளில் முதலில் பேச வேண்டியது இதைத்தான்.