222-0: ஒரு ஸ்கோரும் அதோடு ஒட்டிக்கொண்ட கதைகளும்

'அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஜார்ஜியா டெக், கம்பர்லேண்டை 222-0 என்று வென்றது. டெக் பந்தைத் தொட்டபோதெல்லாம் டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது). கம்பர்லேண்ட் ஓரடிகூட முன்னேறவில்லை' என்று ஒரு பதிவு சுற்றுகிறது.

ஸ்கோர் உண்மைதான். 1916 அக்டோபர் 7, அட்லாண்டா, 222-0. மற்ற இரண்டும் தவறு. ஆட்டத்தின் அன்றைய குறிப்புகளைப் பார்த்தால், டெக் எல்லா முயற்சியிலும் டச்டவுன் போடவில்லை. கம்பர்லேண்டும் ஒருமுறை பாஸ் எறிந்து 10 கஜம் முன்னேறியது. ஆனால் அப்போது பந்தைத் தக்கவைத்துக்கொள்ளத் தேவைப்பட்டது 22 கஜம், பாவம்!

பதிவு சொல்லாமல் விட்டதுதான் முக்கியம். கம்பர்லேண்ட் அந்த ஆண்டு தன் ஃபுட்பால் அணியையே கலைத்துவிட்டிருந்தது. ஆனால் ஒப்பந்தப்படி வராவிட்டால் 3,000 டாலர் தண்டம். அதனால் மாணவர்களில் கிடைத்தவர்களைத் திரட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். டெக் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மனுக்கோ பழைய கணக்கு ஒன்று பாக்கி: அவர் பயிற்றுவித்த பேஸ்பால் அணியை கம்பர்லேண்ட் 22-0 என்று தோற்கடித்திருந்தது. கூலிக்கு வெளியாட்களை இறக்கினார்கள் என்பது அவர் சந்தேகம்.

முதல் கால் பகுதியில் 63, இடைவேளைக்குள் 126. இரண்டாம் பாதியின் நேரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அப்போதும் 96 புள்ளிகள் ஏறின. ஆக மொத்தம் 32 டச்டவுன்.

கோபத்துக்குக் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் அணியே இல்லாத கல்லூரியிடம் 126-க்குப் பிறகும் கை ஓயாமல் அடித்ததை என்னால் விளையாட்டு என்று சொல்ல முடியவில்லை.